எனக்க வீட்டுக் குப்பியாக்கும்

எங்கள் அப்பா கர்த்தருடைய சமுகத்தில் இளைப்பாறச் சென்று ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அடக்க ஆராதனை அன்று கொட்டிய மழையையும் பாராமல் கல்லறைத் தோட்டம் வரை வந்து நின்றவர்கள். அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் ஒரு காரியம் எழுதியாக வேண்டியிருக்கிறது. அப்பா உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. தைரியம் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

புதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், ஆறு பிள்ளைகளில் நான்காமவராக அப்பா பிறந்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. பிறர் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டும் வேலைக்குப் போனார்கள். அந்த மரங்களுக்கு அடியில் ஆசைக்கு வைத்த இரண்டு தேன்பெட்டிகள் பெருகிப் பெருகி, பின்னால் அதுவே தொழிலாயிற்று. மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் கடைக்காரர்கள் அப்பாவின் தேனைக் கேட்டு வாங்கினார்கள். அக்காவையும் என்னையும் படிக்க வைத்தவை அந்த ஈக்கள்தான். அப்பாவின் சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'தேன்காரர்' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிறு பள்ளியில் அப்பா நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார்கள். பெரிய படிப்பாளி இல்லை. ஆனால் வேதத்தில் வரும் 'நீதியென்னும் மார்க்கவசத்தை'ப் பற்றிய பாடம் வந்துவிட்டால் போதும், தேன்பெட்டி திறக்கும்போது போடுகிற முகவலையை எடுத்து வந்து தலையில் மாட்டிக்கொள்வார்கள். பிள்ளைகள் உருண்டு சிரிப்போம்.

"இது ஈ கொத்தாம இருக்கதுக்கு. பிசாசு இதுக்குப் பயப்படுவானா?" என்று கேட்பார்கள்.

"இல்ல சாரே!"

"பின்ன அவன் எதுக்குப் பயப்படுவான்?"

ஒருமுறை நான் எழுந்து, "எனக்க அம்மைக்க வாரியலுக்கு" என்றேன். வகுப்பே குலுங்கியது. அந்தத் துடைப்பத்தால் அடி வாங்கிப் பழகியவன் சொல்வதில் உண்மை இருக்கும் என்று அப்பாவுக்கும் தெரியும், அவர்களும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்கள்: "நேரா நடக்கிறவனைக் கண்டா அவனுக்குப் பயமாக்கும் மக்கா. நீதி நெஞ்சில இருந்தா அவன் எறியது ஒண்ணும் உள்ள போவாது."

இதைக் கேட்டு வளர்ந்த நான் செய்ததைக் கேளுங்கள்.

ரப்பர் இலையுதிர்ந்து தளிர்விடும் மாசி, பங்குனிதான் எங்களுக்குத் தேன்காலம். மழைக்காலத்தில் ஈக்களுக்கு இரை கிடைக்காது. சீனிப்பாகு வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் பாகு வைக்கிற காலத்தில் அந்தப் பெட்டியில் தேன் எடுக்கவே கூடாது. இது அப்பாவின் சட்டம். பதினொரு வருடங்களுக்கு முன், நான் வளைகுடா வேலையை விட்டு ஊர் திரும்பிய சமயம், அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. ஈக்களுக்குப் புகை காட்டிப் பெட்டி திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெட்டிகள் என் கைக்கு வந்தன.

எனக்கோ, வெறுங்கையோடு வந்தவன் என்ற பேச்சு காதில் குத்திக்கொண்டே இருந்தது. நானும் ஆள்தான் என்று காட்ட வேண்டும். தளிர்க்காலத்திலும் பெட்டிகளுக்குப் பாகு வைத்தேன். பாவம், அந்த ஈக்களுக்கு என்ன தெரியும்? குடித்துக் குடித்து அடையை நிறைத்தன. அதையே எடுத்துத் தேனென்று கடைகளுக்குக் கொடுத்தேன். "மகன் அப்பனை மிஞ்சிட்டாண்டே!" என்றார்கள் ஊரில். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வருடத்தின் முதல் குப்பி கர்த்தருக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். பங்குனிக் கடைசியில் வந்த அறுப்பின் பண்டிகையில் அதைப் பீடத்தில் கொண்டுபோய் வைத்தவன் நான்.

அந்தப் பண்டிகைக்கு அக்காவைப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்து, படைத்த காணிக்கைப் பொருள்களின் ஏலம். தேன்குப்பி வந்ததும் மாப்பிள்ளையின் அப்பா விடாமல் கூட்டிக் கேட்டார். ஏலம் விட்ட சபைச் செயலருக்கு ஒரே உற்சாகம். "தேன்காரரே, சம்பந்தக்காரரு விடமாட்டாரு போல. நீரே ஒரு துளி நக்கிப் பாத்துச் சொல்லும், உம்ம தேன்தானான்னு!" என்று அப்பாவின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார்.

அப்பா நக்கினார்கள். மறுபடியும் நக்கினார்கள். போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டத்தில் யாரையோ தேடினார்கள். என்னைத்தான். கண்டார்கள்.

"ஏலத்தை நிறுத்துங்கோ. இது தேன் இல்ல. சீனிப்பாகாக்கும்."

பின்னாலிருந்து யாரோ, "யாரு கலந்தது?" என்று கேட்டார்.

"எனக்க வீட்டுக் குப்பியாக்கும். நான்தான் பதில் சொல்லணும்" என்றார்கள் அப்பா.

நான் பக்கவாசல் வழியாக நழுவிவிட்டேன்.

கடைகளுக்குக் கொடுத்ததையெல்லாம் அப்பா திரும்ப எடுத்துவந்து, அந்த மழைக்காலத்தில் ஈக்களுக்கே இரையாக வைத்தார்கள். "தேன்காரரு சீனிக்காரரு ஆயாச்சு" என்று சந்தையில் கேலி பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பேச்சே இல்லை. அம்மா அழுதார்கள்: "ஒரு நேரம் வாயைப் பொத்தியிருந்தா எனக்க பிள்ளைக்க கல்யாணம் நடந்திருக்குமே!" அப்பா அடுத்த ஞாயிறும் வழக்கமான பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். யார் கேட்டாலும் அதே பதில்தான். என் பெயரைச் சொல்லவே இல்லை.

பொறுக்கமாட்டாமல் நானே போய்க் கேட்டேன்: "எனக்க பேரைச் சொல்லியிருக்கலாமே அப்பா?"

"அது நீ சொல்ல வேண்டிய காரியம் மக்கா. கவசம் நெஞ்சுக்குத்தான் உண்டு, முதுகுக்குக் கிடையாது. நீ திரும்பி ஓடினியே, அப்ப பிசாசு எறிஞ்சா எங்க கொள்ளும்?"

அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மூன்றாவது வாரம் மாப்பிள்ளையின் அப்பா தனியாக வந்தார். "நான்தான் வெலையைக் கூட்டிக்கிட்டு நின்னேன். இவரு சும்மா இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. தப்பு எந்த வீட்டிலயும் வரும். அதை எந்திச்சு நின்னு சொல்லுகதுக்கு எத்தனை வீட்டில ஆளிருக்கு? இந்த வீட்டில பொண்ணெடுத்தா நான் நிம்மதியா ஒறங்குவேன்" என்றார். அம்மா ஓடிப்போய்ச் சாயா போட்டார்கள். சீனி போட மறந்தே போனார்கள். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். அவர்தான் இன்று அக்காவின் மாமனார்.

மாமா, நீங்கள் இந்த மலரை முதல் வரியிலிருந்தே வாசிப்பீர்கள் என்று தெரியும். அந்தப் பாகு அப்பா வைத்ததில்லை. நான் வைத்தது. அக்கா, அத்தான், சபையாரே, என்னை மன்னியுங்கள்.

இந்தப் பதினொரு வருடங்களில் தேன் என்று யாராவது வாயெடுத்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். கேலி அத்தனையும் வாங்கிய அப்பாவோ பயமென்பதையே அறியாமல் வாழ்ந்தார்கள். முகவலையைக் காட்டிச் சொன்ன பாடம் எனக்கு விளங்க இத்தனை காலம் ஆயிற்று.

கடைசி நாட்களில் சிறுநீரகம் கெட்டு, மூச்சுத் திணறலோடு கிடந்தார்கள். "நான் சொல்லிடுகேன் அப்பா, எல்லாரிட்டயும் சொல்லிடுகேன்" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்துச் சிரித்தார்கள். "சொல்லு மக்கா. சொல்லிப் பாரு, உடம்பே லேசாவும். கர்த்தர் கூட உண்டு" என்றார்கள். நான்காம் நாள் போய்விட்டார்கள். எழுதி முடித்த இந்த நேரத்தில் உண்மையாகவே லேசாக இருக்கிறது அப்பா.

மாதக்கணக்கில் அப்பாவைத் தாங்கிய மருத்துவர்களையும் செவிலியர்களையும் நன்றியோடு நினைக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஆட்டோவோடு வாசலில் நின்ற, அய்யாவழியைச் சேர்ந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கு என்ன சொல்லித் தீர்ப்பது? படுக்கையருகே வந்து ஜெபித்த போதகரையும், பாடிய வாலிபர்களையும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த ஒவ்வொரு வீட்டாரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

இந்த மலரோடு உங்கள் கைக்கு ஒரு சிறு குப்பியும் வருகிறது. அப்பாவின் பெட்டிகளில் இந்தப் பங்குனியில் நான் எடுத்த தேன். இந்த முறை தளிர்விடும் நேரத்தில் இரண்டு பெட்டிகள் மெலிந்து கிடந்ததால் பாகு வைக்க வேண்டிவந்தது. அவற்றில் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. நக்கிப் பாருங்கள். எனக்க வீட்டுக் குப்பியாக்கும். நான்தான் பதில் சொல்லணும்.