போனில் நடந்த வளைகாப்பு

ஒன்பது வயதில் எனக்கு வளைகாப்பு நடந்தது. கன்னத்தில் சந்தனம், தலை கொள்ளாத மல்லிகை, பட்டுப்பாவாடை, எதிரே பாத்திரம் பாத்திரமாகக் கலவைச் சோறு. குறைந்தது கர்ப்பம் ஒன்றுதான். அது ஜெர்மனியில் இருந்தது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, சித்தப்பாவோடு அங்கே போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலம் அது. சித்தப்பாவுக்கு இயந்திரப் பட்டறையில் வேலை. அவருடைய அக்கா குடும்பம் முன்பே அந்த ஊரில் காலூன்றிவிட்டதால், அவர்கள் வீட்டு மாடியில் இவர்கள் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குத் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்குப் போன் வரும். இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும்; அங்கே இன்னும் விடிந்திருக்காது.

இட்லி மாவு மூன்று நாளானாலும் புளிக்கவில்லை என்று சித்தி அழாத குறையாகச் சொன்னாள். "மொட்டை மாடி வெயில்ல செத்த நேரம் வையிடி" என்றாள் அம்மா. வெயிலுக்கு எங்கே போவது என்று அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைசியில் சித்தப்பா தன் கம்பளிக் குல்லாயை மாவுச் சட்டிக்கு மாட்டி, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாராம். மாவு பொங்கியது, குல்லாயும் நாறியது. துவைத்த துணியெல்லாம் அந்த ஹீட்டரின் மேல்தான் காயுமாம். மீந்த சாம்பாரைப் பால்கனியில் வைத்தால் காலையில் கல்லாகிவிடுமாம். வேலைக்குப் போகுமுன் சித்தப்பா வாசல் பனியை அள்ளி ஒதுக்க வேண்டுமாம். விவசாயம் வேண்டாமென்று படித்த பிள்ளை, கடைசியில் பனியை வெட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்பா சிரித்தார்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான பிள்ளை. அம்மா பழனிக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்ட பிள்ளை. சித்தி விமானத்தில் ஏறக் கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். ஏழாம் மாதம் தாய்வீட்டில் வளையல் போடாமல் விடுவதா என்று பெரியம்மா செம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். மூன்று பெண்களில் அவள்தான் மூத்தவள். அவள் வாய்க்கு எங்கள் வீட்டில் எதிர்வாய் கிடையாது.

"வயித்துப் பிள்ளைக்கு வளையச் சத்தம் கேக்கணும்ல. அம்புட்டுத் தூரத்துல இருக்கிறதுக்கு நம்ம சத்தம் எப்பிடித் தெரியும்?"

சித்தியின் போட்டோவை வைத்துச் செய்துவிடலாமே என்று அப்பா சும்மா இருக்காமல் ஒரு யோசனை சொன்னார்.

"உசுரோட இருக்கவ படத்துக்குச் சந்தனம் வைக்கிறதா? என்ன பேச்சுப் பேசுறீக?"

அப்பா அதோடு செய்தித்தாளுக்குள் போய்விட்டார். பெரியம்மாவின் கண் என்மேல் விழுந்தது. சாடையில் நான் சித்தியை உரித்துவைத்திருந்தேன். சின்னப் பிள்ளைக்குத் தோஷம் ஒட்டாது. என்னை உட்கார வைத்துப் போனைக் கைக்குப் பக்கத்தில் பிடித்தால் சத்தம் போய்விடும் என்று முடிவாயிற்று.

வளையலுக்குப் பேகம்பூர் போனோம். என் கையைப் பார்த்துக் கடைக்காரர் சின்ன வளையலாக எடுத்தார். "பிள்ளைக்கு இல்ல பாய், பிள்ளையோட சித்திக்கு" என்று பெரியம்மா சித்தியின் அளவையே வாங்கினாள். அவை என் கையில் நிற்கவில்லை. கையைக் கீழே விட்டால் எல்லாம் தரைக்கு ஓடிவிடும். அதனால் வளைகாப்பு முழுவதும் நான் இரண்டு கைகளையும் போலீசிடம் பிடிபட்டவன் மாதிரித் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தை அதற்கு முன்பே இல்லாமல் போயிருந்தது. பனிக்கட்டியில் சித்தி வழுக்கவில்லை, எதையும் தூக்கவில்லை, யார்மேலும் தப்பில்லை. வயிற்றுக்குள் அசைவு நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் சித்தப்பா எங்களிடம் சொல்லத்தான் போன் செய்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா, வளையல் வாங்கியாயிற்று, தெருவுக்கெல்லாம் சொல்லியாயிற்று என்று ஆரம்பித்துவிட்டாள். சித்திக்குச் சளி, படுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அவர் பனியைப் பற்றிப் பேசினார். அடுத்த ஞாயிறும் பனிதான். இந்த விவரமெல்லாம் நான் கல்லூரியில் படித்தபோது கிடைத்தது. அந்த இருட்டான காலையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை.

போன் வந்தது. தெருப் பெண்கள் வரிசையாக வந்து வளையல் போட்டார்கள். அப்பா ரிசீவரை என் கையருகே பிடித்தார். பெரியம்மா ஜெர்மனிக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"தம்பி, போனைக் கொண்டுபோயி அவ வயித்துல வைங்க!"

"வச்சுட்டேன் மதினி" என்று சித்தப்பாவின் குரல் வந்தது. நான் கைகளை ஆட்டினேன். லூசான வளையல்கள், சத்தத்துக்குக் கேட்பானேன். பெண்கள் குலவையிட்டார்கள்.

பிறகு சித்தி என்னைக் கேட்பதாகச் சொல்லி அப்பா ரிசீவரை என் காதில் வைத்தார். சளிப் பிடித்த குரல்தான்.

"இன்னொருக்கா ஆட்டு பாப்பா."

ஆட்டினேன்.

"இன்னொருக்கா."

மறுபடியும் ஆட்டினேன். எனக்குக் கை கடுத்தது. சர்க்கரைப் பொங்கல் வேறு ஆறிக்கொண்டிருந்தது.

"பாப்பாவுக்குக் கேட்டுச்சா சித்தி?"

"எனக்குக் கேட்டுச்சுடி" என்றாள். போன் வைக்கப்பட்டது.

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. இவ்வளவு பாடுபட்டது சித்திக்குக் கேட்கவா? எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்திக்கு மட்டும்தான் கேட்டதாம் என்று சொன்னேன்.

"அவளுக்குக் கேட்டா பிள்ளைக்குக் கேட்ட மாதிரித்தான்" என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சோற்றுப் பாத்திரங்களைத் திறந்தாள். பெண்கள் இலைக்கு நகர்ந்தார்கள்.

அம்மா மட்டும் சந்தனக் கிண்ணத்தோடு தரையிலேயே இருந்தாள்.

"அவ வேற என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"எனக்குன்னா சொன்னா? பிள்ளைக்குன்னு சொல்லலையா?"

"இல்லம்மா. எனக்குன்னுதான் சொன்னாங்க."

அம்மா எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதும் காதில் விழவில்லை. வெகுநேரம் சம்மணமிட்டதில் கால் மரத்துப்போயிருக்கும், கொஞ்சத்தில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு நான் கைகளைத் தூக்கியபடியே சாப்பிடப் போனேன்.