ஒன்பதிலும் வளராத நிழல்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். பத்துமலையைக் கேட்டால், சிரசு கிடக்கட்டும், அதிலிருக்கும் வலது கண்தான் பிரதானம் என்பார். அப்படிச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கொஞ்சம் உரிமையும் இருந்தது. ஈப்போவுக்குத் தெற்கே ஒரு பளிங்குக்கல் ஆலையில் அவருக்கு ஜாகா வேலை. சீருடை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து மூடுவது. அது வயிற்றுப்பாட்டுக்கு. மனிதர் உயிரோடு நடமாடியது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். காலையில் துப்பாக்கி மன்றத்தின் சுடும் திடல், மாலையில் செம்பனைத் தோட்டத்தில் பன்றி வேட்டை.

துப்பாக்கி லைசன் வைத்திருப்பவர்கள் யார் புதிதாக ஸ்கோப் வாங்கினாலும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். துப்பாக்கியின் மேல் பூட்டும் அந்தக் குழாய்க் கண்ணாடியை அவர் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே எதுவும் கலகலக்கக் கூடாது. பிறகு பெரிதாக்கும் வளையத்தைத் திருகிப் பார்ப்பார். சில வளையங்கள் ஊறுகாய் ஜாடி மூடிபோல இறுகிக் கிடக்கும், சில தொட்டாலே வழுக்கும். பிறகு வாசலில் நின்று எதிர்வீட்டு மாமரத்து இலை நரம்பைப் பார்ப்பார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இப்படிக் குடைவதில்லை என்று அவர் மனைவி குமுதா சொல்வாள்.

"கண்ணாடிய இம்புட்டு பாக்கறீங்க, உங்க கண்ண ஒரு நாள் கிளினிக்ல காட்டுங்களேன். உங்களுக்கு இருக்கற இனிப்பு நீரு, அந்தச் சக்கர வியாதி, கண்ணுலதான் கை வைக்குமாம்" என்பாள்.

அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். தன் வலது கண்ணைப் பற்றி இன்னொருவன் சொல்லித் தெரிந்துகொள்வதா? ஆள் தங்கமானவர்தான், ஆனால் அந்த ஒரு கண் விஷயத்தில் மட்டும் தலைக்கனம் பிடித்தவர். நாம் சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்.

இந்தத் தடவை ஸ்கோப் வாங்கி வந்தது குமுதாவின் தம்பி மகேந்திரன். இணையத்தில் துழாவி, மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை பெரிதாக்கிக் காட்டும் ஒன்றை மலிவாகப் பிடித்திருந்தான். யாரும் கேள்விப்படாத கம்பெனி.

"உங்க துப்பாக்கிக்குத்தான் மச்சான். தெடலுக்கும் வேட்டைக்கும் ஒண்ணே தாங்குமான்னு பாருங்க. தாங்கலன்னா திருப்பி அனுப்பிடலாம்லா" என்றான்.

வேட்டையில் அவர்கள் இருவர்தான், கூட பிளாக்கி என்ற நாய். துப்பாக்கி பத்துமலையிடம் இருக்கும். மகேந்திரன் நாயோடு செம்பனை வரிசைகளின் மறுகோடியிலிருந்து உள்ளே இறங்கி, தகரத்தைத் தட்டிக்கொண்டு பன்றிகளை இந்தப் பக்கம் விரட்டுவான். பன்றி முன்னால் வரும், அவன் பின்னால் வருவான். அதனால் பளிச்சென்று ஒரு மஞ்சள் சட்டை போட்டிருப்பான். மஞ்சள் கண்ணில் பட்டால் பத்துமலையின் விரல் விசைக்குப் போகக் கூடாது. விரட்டுகிறவன் உயிர் சுடுகிறவன் கண்ணில். இத்தனை வருஷத்தில் இதை அவர்கள் வாய்விட்டுப் பேசியதுகூட இல்லை.

முதல் சோதனை திடலில் நடந்தது. அட்டையில் ஒரு குண்டு. ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் திருகை மேலே சில கிளிக் திருப்பி ஒரு குண்டு, அதே அளவு வலப்பக்கம் திருப்பி ஒன்று, கீழே ஒன்று, இடப்பக்கம் ஒன்று. சதுரம் போட்டுக் கடைசிக் குண்டு முதல் ஓட்டைக்கே வந்து சேர வேண்டும். மலிவு ஸ்கோப்புகள் பாதி வழியில் எங்கோ மேயப் போய்விடும். இது ஒழுங்காக வீடு திரும்பியது. மகேந்திரனுக்கு வாயெல்லாம் பல்.

"ஒம்பதுல வெச்சா கொஞ்சம் மங்குது. தலைய அசைச்சா படம் ஓடிருது. மூணுல தண்ணி மாதிரி தெளிவு" என்று சொல்லிக்கொண்டே வந்த பத்துமலை, கன்னத்தைத் துப்பாக்கியிலிருந்து எடுக்காமல் கேட்டார். "அட்டைக்கு வலது பக்கம் யார்டா நிக்கறது?"

மகேந்திரன் எட்டிப் பார்த்தான். மண்மேட்டில் ஒருவரும் இல்லை. பத்துமலை தலையைத் தூக்கி இரண்டு கண்ணாலும் பார்த்தார். வெறும் மண்மேடு. மறுபடி குனிந்தார். குறுக்குக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம், கம்பளி போர்த்திய ஆள் தலை குனிந்து நிற்பதுபோல் ஒரு சாம்பல் நிழல் இருந்தது. கண்ணாடியைத் துடைத்தார். நிழல் போகவில்லை. ஸ்கோப்பைக் கழற்றிக் கால் சுற்றுத் திருப்பிப் பூட்டினார். உள்ளே அழுக்கு இருந்தால் அதுவும் கூடவே திரும்ப வேண்டும். குறுக்குக்கோடு திரும்பியது, நிழல் நின்ற இடத்திலேயே நின்றது. மகேந்திரனைப் பார்க்கச் சொன்னார்.

"ஒண்ணுமில்லையே மச்சான். நல்லாத்தானே இருக்கு."

ஸ்கோப்பைத் துடைத்தார், திருப்பினார், ஆளை மாற்றிப் பார்க்கச் சொன்னார். கண்ணை மாற்றிப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்ப்பது அவருக்குச் மூச்சு விடுவது மாதிரி.

அன்று மாலை பத்து காஜா ஊருக்கு அப்பால், முன்பு ரப்பராக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டத்துக்குப் போனார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த, ஆளில்லாத பழைய லயத்து வீடுகள் ஒரு வரிசை அங்கே இன்னும் இருக்கிறது. கூரைத் தகரம் போய், சன்னல் வழியே புதர் எட்டிப் பார்க்கும். அதைத் தாண்டினால் ஆலமரத்தடியில் முனியாண்டி. யாராவது மாதத்துக்கு ஒரு தடவை அவர் சூலத்தில் எலுமிச்சம்பழம் குத்திவிட்டுப் போவார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. செம்பனைத் தோட்டத்தில் வெளிச்சம் மேலிருந்து போவதில்லை, தரையிலிருந்து போகும்.

வளையத்தை மூன்றில் வைத்து முனியாண்டியின் சூலத்தைப் பார்த்தார் பத்துமலை. சூலத்துக்கு வலப்பக்கம் அந்த நிழல் நின்றது. தலை குனிந்து, அதே கம்பளி. காலையில் திடலில் நின்றது இங்கே வந்துவிட்டது. மெல்ல வளையத்தைத் திருகினார். நான்கு, ஆறு, ஒன்பது. சூலம் பெரிதாகிக் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அதில் காய்ந்த பழத்தின் சுருக்கம்கூடத் தெரிந்தது. ஆலமரத்துப் பட்டை வளர்ந்தது, அதில் ஊர்ந்த எறும்பு வளர்ந்தது. நிழல் மட்டும் இம்மியும் வளரவில்லை. திரும்ப மூன்றுக்கு இறக்கினார். எல்லாம் சுருங்கின, அது சுருங்கவில்லை. உலகத்தில் உள்ள எதுவும் ஒன்பதுக்கு வளர்ந்துதான் ஆக வேண்டும். வளராத ஒன்று இந்த உலகத்தில் நிற்கவில்லை.

மகேந்திரனிடம் சொன்னார். அவன் தகரத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"முனிதான் மச்சான். அவரு எல்லாருக்கும் காட்டமாட்டாரு. உங்களுக்கு மட்டும் காட்டறாரு. இன்னிக்கு வேணாம், போலாம்."

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. மறுநாள் வெளிச்சத்தில் ஸ்கோப்பைத் தனியாகக் கையில் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றைப் பார்த்தார். ஆடுகூட நிற்க முடியாத செங்குத்துப் பாறை. அங்கேயும் நின்றது. அதே உயரம், அதே குனிந்த தலை. பாறையில் எங்கே பார்த்தாலும் கூடவே நகர்ந்து, பார்த்த இடத்துக்கு வலப்பக்கம் போய் நின்றுகொண்டது. குமுதா தேநீர்க் குவளையோடு வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"முனி வீட்டுக்கே வந்துட்டாரா?" என்றாள். அந்த வாரம் முழுக்க வாசலில் சூடம் எரிந்தது.

அடுத்த ஞாயிறு வேட்டைக்கு முன்னால் முனியாண்டிக்குச் சுருட்டு, எலுமிச்சம்பழம், ஒரு டின் பீர், எல்லாம் ஆயிற்று. பத்துமலை மண்ணில் விழுந்து கும்பிட்டார். அறியாமல் ஏதாவது செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வேண்டினார். அவர் பயந்திருந்தார், அதை மறைக்கவும் இல்லை. எழுந்து ஸ்கோப்பில் கண் வைத்தார்.

நிழல் இல்லை.

சூலம் இருந்தது, வலப்பக்கம் விழுதுகள் இருந்தன, விழுதுகளுக்கு அப்பால் இலைகள் இருந்தன. மூன்று, ஆறு, ஒன்பது. எங்கும் சுத்தம். தூரத்துக் குன்றுகளின் திசை பார்த்தார், லயத்துப் பக்கம் பார்த்தார். இல்லை. மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

"போயிட்டாரு மகேந்திரா. ஏத்துக்கிட்டாரு."

"அப்ப ஸ்கோப்பு?"

"ஸ்கோப்புல ஒரு கொறையும் இல்ல. வெச்சுக்கலாம்."

மகேந்திரன் சிரித்துக்கொண்டே மஞ்சள் சட்டையை மாட்டினான். பிளாக்கியைக் கூட்டிக்கொண்டு சுற்றுவழியாக மறுகோடிக்குப் போனான். பத்துமலை பாரிட் வாய்க்கால் கரையில் ஒரு வெட்டுமரத்தின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து உட்கார்ந்தார். வளையத்தை மூன்றில் வைத்தார். மூன்றில் அகலம் அதிகம், பக்கத்தில் யார் வந்தாலும் தெரியும். ஸ்கோப் கொண்டுவருகிற எல்லாரிடமும் அவர் சொல்கிற முதல் பாடம் அது.

தகரச் சத்தம் தூரத்தில் கேட்டது, பிறகு நின்றது. காற்று இல்லை. ஓலைகூட அசையவில்லை. நல்ல வளர்ந்த பன்றி ஒன்று வரிசைக்குள்ளிருந்து வந்து, ஒரு மரத்தடியில் நின்று மண்ணை முகர்ந்தது. பத்துமலை குறுக்குக்கோட்டை அதன் தோளில் கொண்டுவந்து நிறுத்தினார். பழக்கம்போல, குறுக்குக்கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே வலப்பக்கம் சரிபார்த்தார். பாசி பிடித்த மரம், தொங்கும் ஓலை, காய்ந்த இலை, அதற்குப் பின்னும் இலை. மஞ்சள் இல்லை. விரல் விசைமேல் போனது.

அப்போது அந்த இலைகளுக்குள்ளிருந்து ஒரு நாயின் தலை வந்தது. தலை மட்டும். கழுத்து இல்லை, உடம்பு இல்லை. இலைகள் இலைகளாகவே இருக்க, நடுவில் காற்றைக் கிழித்துக்கொண்டு தலை முதலில் வந்தது, பிறகு முன்கால், பிறகு மெல்ல முழு நாயும். பிளாக்கி. அது திரும்பி, தான் வந்த வெறுமையைப் பார்த்து வாலை ஆட்டியது.

பத்துமலை விரலை விசையிலிருந்து எடுத்தார். முகத்தைத் துப்பாக்கியிலிருந்து பிய்த்து எடுத்தார். இரண்டு கண்ணும் திறந்தன.

நாய் வாலாட்டிய இடத்தில் மகேந்திரன் நின்றான். மஞ்சள் சட்டை மாலை வெயிலில் எரிந்துகொண்டிருந்தது. பன்றிக்கு ஒரு பனை தள்ளி, குண்டு போகிற வழிக்குப் பக்கத்தில்.

பன்றி ஓடிப்போனது. பத்துமலை தோட்டாவை வெளியே எடுத்தார், துப்பாக்கியைத் திறந்தபடி தரையில் வைத்தார்.

"ஏன் மச்சான் சுடல? தோள காட்டிக்கிட்டு நின்னுச்சே" என்று அங்கிருந்தே கேட்டான் மகேந்திரன்.

"அங்கேயே நில்லு. அசையாத."

அவர் பன்றி நின்ற இடத்திலேயே பார்வையை வைத்து, இடது கண்ணை உள்ளங்கையால் மூடினார். மகேந்திரன் இல்லை. பாசி பிடித்த மரம் இருந்தது, ஓலை இருந்தது, அவன் நின்ற இடத்தில் இலைகள் நெருக்கமாக, ஒரு தையலும் தெரியாமல் இருந்தன. முன்பு அந்த இடத்தில் நிழலாவது நின்றது. இப்போது கண் தன்னில் விழுந்த ஓட்டையை அக்கம்பக்கத்து இலைகளைக் கொண்டு நிரப்பிவிட்டிருந்தது. கையை எடுத்தார், மகேந்திரன் வந்தான். மூடினார், போனான்.

"கைய தூக்கு" என்றார்.

"தூக்கிட்டேன்" என்றன இலைகள்.

"ரெண்டு கையும்."

"ரெண்டும்தான் தூக்கியிருக்கேன். என்ன மச்சான் இது, வெளாட்டா?"

அவர் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரு நாய் மட்டும். ஒரு மனிதனுடைய குரல் அதைக் கூப்பிட்டது, அது ஓடிப் போய்ப் பாதியாகி, பிறகு இல்லாமல் போனது. பேய் என்று நினைத்த வாரம்கூட அவர் இப்படிப் பயப்படவில்லை. இல்லாத ஆள் தெரிந்தால் கும்பிட்டு அனுப்பலாம். இருக்கிற ஆள் தெரியாமல் போனால் யாரைக் கும்பிடுவது?

மகேந்திரன் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சுட இருந்தேன் மகேந்திரா" என்றார் பத்துமலை. "பன்னிக்குப் பக்கத்துல வெறும் எலதான் இருந்துச்சு. மஞ்சச் சட்ட தெரியல. நீ தெரியல. முனியும் இல்ல, ஸ்கோப்பும் இல்ல. என் கண்ணு போயிருச்சு. வலது கண்ணு."

மகேந்திரன் அவர் பக்கத்தில் வெட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தான். நாய் இருவர் காலுக்கும் நடுவில் படுத்தது. அவன் மஞ்சள் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"நாளைக்கு துப்பாக்கிய போலீஸ் பாலாய்ல குடுத்துடறேன். லைசனும் வேணாம்" என்றார்.

அவன் தலையாட்டினான். பிறகு, பார்வையைச் செம்பனை வரிசையிலிருந்து எடுக்காமல் கேட்டான்.

"போன மாசம் இங்க ரெண்டு பன்னி வுழுந்துச்சே மச்சான். அந்த ரெண்டு வாட்டியும் சுடறப்ப நான் எங்க நின்னேன்?"

பத்துமலை கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். அந்த மாலைகள் நன்றாக நினைவில் இருந்தன. வெளிச்சம் நினைவில் இருந்தது, பன்றிகள் நின்ற விதம்கூட நினைவில் இருந்தது. பன்றிகளுக்கு வலப்பக்கம் மகேந்திரனைத் தேடினார். எவ்வளவு தேடியும் அங்கே இலைகள்தான் இருந்தன.