ஒரே ஆளுக்கு இரண்டு கட்டம்

எதையும் படம் போட்டு விளக்கினால்தான் எனக்குத் திருப்தி. அலுவலகத்தில் அதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டிலோ அதனால் என் கல்யாணமே நின்றிருக்கும்.

நான் கட்டிக்கொள்ள நினைத்தவன் ஹரியானாக்காரன். பொம்மனஹள்ளியில் என் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தான். அவனுடைய அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதை முன்பே என்னிடம் சொல்லிவிட்டான், நேர்மையான பையன். முதலில் வம்சத்தைத்தான் கேட்பார் என்றும் சொல்லியிருந்தான். அவ்வளவுதானே! கலர் பேனாக்களோடு உட்கார்ந்து, ஒரு பெரிய சார்ட்டில் எங்கள் பரம்பரையையே வரைந்துவிட்டேன்.

கேசரிபாத்தும் காபியும் முடிந்ததும் சார்ட்டை விரித்து இந்தியில் விளக்கினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை நகர்த்தினார். 'அப்பாவின் அக்கா' என்ற கட்டத்திலும் 'அம்மாவின் அம்மா' என்ற கட்டத்திலும் ஒரே பெயர். தப்பாக எழுதிவிட்டாயா என்று கேட்டார்.

இல்லை, அப்பா தன் அக்கா மகளைத்தான் கட்டினார், எங்கள் பக்கம் சகஜம் என்றேன் உற்சாகமாக.

அவர்கள் பக்கம் அப்பா கோத்திரம், அம்மா கோத்திரம், பாட்டி கோத்திரம் எல்லாவற்றையும் தள்ளித்தான் பெண் எடுப்பார்கள். ஒரே ஊர்ப் பெண் என்றாலே தங்கை. இதை அவன் சொல்லச் சொல்ல இரண்டு வருடமாக ரசித்துக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் ரசிக்க ஏதோ இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

உறைமோர் வாங்க வந்த வீட்டு ஓனரம்மா, கன்னடக்காரர், உதவிக்கு வந்தார். "அதிலென்னம்மா? நானும் எங்க தாய்மாமனைத்தானே மதுவெ ஆனேன்!"

அதையும் நானே மொழிபெயர்த்துத் தொலைத்தேன்.

"ஏன்டி அவங்க முகம் இப்படிப் போகுது?" என்று அம்மா என்னை இடித்தாள்.

"சொந்தத்துல கட்டினது பிடிக்கலம்மா."

"அப்ப அவங்க எப்படிக் கட்டினாங்களாம்? கேளு."

யாரென்றே தெரியாத வீட்டுக்கு, தூரத்து ஊருக்கு, முக்காட்டோடு போனாராம்.

"ஐயோ பாவமே! அழணும்னா யார்கிட்ட போய் அழுவாங்க?" அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மாமியாரே எங்க பாட்டிதான். எதிர்த்துப் பேசினாகூட செல்லம்தான்."

நான் மொழிபெயர்த்து முடித்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. முதல் வருடம் முழுக்க எருமைக் கொட்டகையில் போய் அழுததாக மெல்லச் சொன்னார். அவன் அதுவரை கேட்டிராத கதை.

கிளம்பும்போது சம்மதித்தார். ஒரே நிபந்தனை: கல்யாணத்துக்கு வரும் அவருடைய சொந்தக்காரர்களுக்கு, அந்த இரண்டு கட்டத்துக்காரரை ஒரே ஒரு உறவாகத்தான் அறிமுகம் செய்ய வேண்டும். சாட்சியம் வெளியே போகாதபடி சார்ட்டை நான்காக மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

சம்பந்தப்பட்டவருக்குப் போன் போட்டு, பாட்டியா அத்தையா என்று கேட்டேன்.

"இதைப் போய்க் கேப்பாங்களாடி? அத்தைன்னே சொல்லு. பத்து வயசாவது குறையும்ல?"