ஹபீபா டீச்சரின் தகரப் பெட்டியும் என் கையெழுத்தும்

ஹபீபா டீச்சர் மௌத்தான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் எங்கள் தெரு நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சொன்னார். நான் 'இன்னா லில்லாஹி' சொல்லி முடிப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

"வெள்ளிக்கிழம அனுதாபக் கூட்டம் வைக்கிறம் மாஸ்டர். 'பெண் கல்வியின் தாய்' எண்டு ஒரு அஞ்சலி மடல் வாசிக்கணும். ஒங்கட எழுத்து முத்து முத்தா இரிக்கும். நீங்கதான் எழுதித் தரணும்."

எனக்குத் துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அருவருப்பு. அந்த மனிதரைப் பார்க்கவும் அருவருப்பு, அவர் புகழ்ந்த என் எழுத்தை நினைக்கவும் அருவருப்பு. டீச்சரை அறிந்த நீங்கள் எல்லோரும் அதற்கான காரணத்தை அறியவேண்டும்.

நானும் டீச்சரும் கல்முனையில் ஒரே பாடசாலையில் இங்கிலீசு படிப்பித்தோம். பல வருடம் ஒரே வகுப்பறையில் எனக்கு அடுத்த பாடவேளை அவருடையது. என் வழி எல்லோருக்கும் தெரியும்: கரும்பலகையில் சொல், பக்கத்தில் கருத்து, பத்துத் தரம் எழுது. செப்பரேட், டிடாச், அன்டை, அன்ஹூக் என்று கழட்டுவதற்கான சொற்களை வரிசையாக எழுதிப் பாடமாக்க வைப்பேன். பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். நான் வெளியேறியதும் டீச்சர் என் எழுத்தை அழித்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு பூட்டையோ ஒரு முடிச்சுக் கயிற்றையோ எடுத்து மேசையில் வைப்பார். நான் அடுத்த வகுப்புக்குப் போய்ச் சேருமுன் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்ப் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்களுக்காக டீச்சர் சனிக்கிழமை பின்னேரங்களில் தன் வீட்டில் ஒரு வகுப்பு நடத்தினார். பாடப்புத்தகம் கிடையாது. பழைய பிஸ்கட் தகரம் ஒன்று இருந்தது. அதற்குள் சட்டை ஊசி, திரைச்சீலைக் கொக்கி, திருகுமூடிப் போத்தல், மின்சாரப் பிளக், கைக்குழந்தையின் சட்டை ஒன்று.

"நாம எல்லாத்துக்கும் 'கழட்டு' எண்டு ஒரே சொல்ல வச்சிரிக்கம். அவங்க சாமானுக்குச் சாமான் வேற சொல் வச்சிரிக்காங்க. சாமானக் கையில எடுங்க புள்ள, சொல் பின்னால வரும்" என்பார். பொத்தானுக்கு அன்பட்டன், ஊசிக்கு அன்பின், பிளக்குக்கு அன்பிளக், உருளைக்கிழங்குத் தோலுக்குப் பீல். ஒவ்வொருத்தியும் செய்துகொண்டே சொல்லவேண்டும். "பூட்டக்குள்ள ஒண்டும் ஆகாது. கழட்டக்குள்ளதான் கை போகும்" என்பது அவர் அடிக்கடி சொன்ன இன்னொரு வார்த்தை.

ஒரு சனிக்கிழமை தலையணை ஒன்றுக்குக் குழந்தைச் சட்டையை மாட்டி, பதினாறு பெண்களும் ஒரே குரலில் 'அன்பட்டன் த ஷேர்ட்' என்று சொன்னார்கள். வேலியோரம் போன ஒருவருக்கு அந்த ஒரு வசனம் விளங்கிவிட்டது. அன்றே சங்கம் கூடியது. நானும் அங்கே இருந்தேன்.

"பொம்புளையளுக்கு உடுப்புக் கழட்டப் படிப்பிக்கிறாவாம். இதுக்கு ஒரு பெட்டிசம் போடணும்" என்றார் இதே செயலாளர்.

அது கைக்குழந்தையின் சட்டை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் சிரித்துக் கலைந்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. புகார்க் கடிதம் எழுதப் பேனாவை எடுத்தேன். 'ஒழுக்கத்துக்கு ஒவ்வாத சொற்கள்' என்று எழுதினேன். அழகாக, கோடு போட்டு, பிழை இல்லாமல். நானும் ஊரில் ஒரு மாலை வகுப்பு நடத்தினேன். அதில் ஆட்கள் கொட்டாவி விட, அவர் வீட்டில் சிரிப்பு கேட்டது. அந்தப் பொறாமையைத் தவிர எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை. கீழே பெயர் போடவில்லை. 'ஊர் மக்கள்' என்று முடித்தேன். கல்விக் கந்தோர் அதிகாரிகளுக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிச் செயலாளர் அதை டீச்சரிடமே கொண்டுபோய்க் காட்டினார். புருஷன்மார் பெண்களை மறித்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமைப் பாடத்துக்கென்று காரைதீவுச் சிநேகிதி ஒருவரிடம் டீச்சர் பிரசர் குக்கர் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தார். அந்தப் பாடம் நடக்கவில்லை.

அந்தப் பதினாறு பேரில் ஒருவர் ஆசியா உம்மா. மறுமாதம் குவைத்துக்குப் போனார். வருடம் முடியுமுன் திரும்பி வந்தார், வலது கையும் கழுத்தும் வெந்து, தோல் சுருங்கி.

"குக்கர் மூடி கழண்டு வரல்ல மாஸ்டர். என்னமோ இங்கிலீசில அதுல எழுதியிரிந்திச்சி. நான் பலத்தப் போட்டுத் திருகினன்" என்றார், ஏதோ தன் மேல்தான் பிழை என்பதுபோல.

அந்தக் கிழமை ஆசிரியர் அறையில் டீச்சர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஒரு கிழம பிந்திப் பெட்டிசம் போட்டிருந்தா அவட கை தப்பியிரிக்கும் மாஸ்டர்."

எழுதியது நான் என்று தெரியாமல் பேசுகிறார் என்று நினைத்து, "ஓம் டீச்சர்" என்றேன். அந்த 'ஓம்' இன்றைக்கும் என் வாயில் நாறுகிறது.

சில வருடங்களில் அந்தத் தேவை என் வீட்டுக்கே வந்தது. தங்கை பரீதாவைப் புருஷன் விட்டுவிட்டுப் போனான். அவளுக்கும் வீட்டு வேலைக்கு விசா வந்தது. வெட்கம் கெட்டு அவளைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குத்தான் போனேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. தகரத்தை எடுத்தார். மூன்று கிழமை படிப்பித்தார். கடைசி நாள் அடுப்பில் குக்கர் இருந்தது.

"முதல்ல மாஸ்டர் கழட்டட்டும், நாம பாப்பம்" என்றார். நான் நேரே மூடியில் கையை வைத்தேன். பட்டென்று என் மணிக்கட்டைத் தட்டிவிட்டார். அடுப்பை அணைத்து, பொறுத்திருந்து, கரண்டிக் காம்பால் மூடி மேல் இருந்த குண்டைத் தூக்கி ஆவியை வெளியே விட்டார். "முதல் ரிலீஸ். பிறகு அன்லொக். பிறகுதான் ஓப்பன். சொல்லு புள்ள." பரீதா சொன்னாள், செய்தாள், மறுபடியும் செய்தாள்.

வாசலில் வைத்து நான் மெல்லத் தொடங்கினேன். "டீச்சர், அந்தப் பெட்டிசம்..."

"தெரியும் மாஸ்டர். ஒங்கட எழுத்த அழிச்சிட்டுத்தான நான் ஒவ்வொரு நாளும் எழுதுறன். எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு பரீதாவைப் பார்த்து, "போய்ச் சேந்ததும் கடிதம் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

செயலாளருக்கு நான் மடல் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் வாயால் 'பெண் கல்வியின் தாய்' என்று வருவதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்கமுடியாது. வெள்ளிக்கிழமை நான் வாசிக்கப்போவது இதைத்தான்.

டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை பரீதாவின் இரண்டு கைகள். போன நோன்புக்கு ஊர் வந்து எனக்குக் கஞ்சி ஊற்றித் தந்தாள். விரல்களில் ஒரு தழும்பு இல்லை.

கூட்டத்துக்கு முன் ஆசியா உம்மாவின் வீட்டுக்குப் போகவேண்டும். பெட்டிசம் எழுதியது யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. என் முத்து முத்தான எழுத்து அங்கே உதவாது, வாயால்தான் சொல்லவேண்டும்.