வெட்டாத குதிரை

மாலையில் அம்பத்தூரிலிருந்து திரும்பும்போது ரயிலில் அவரைப் பார்ப்பேன். முப்பது வயதிருக்கும். கிரீஸ் கறை படிந்த கம்பெனிச் சட்டை. நான் செல்போனில் செஸ் ஆடித் தோற்பதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து நான் தோற்ற ஆட்டங்களை முதலிலிருந்து ஓட்டச் சொல்லி, எங்கே கோட்டைவிட்டேன் என்று காட்டுவார். போனைத் தொடவே மாட்டார். சீசன் டிக்கெட்டின் முனையால்தான் காட்டுவார்.

இந்தக் காலத்தில் யார் சும்மா சொல்லித் தருகிறார்கள்? இன்றோ நாளையோ பாலிசி எடுக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். என் வீடு ஆவடியில். அது அவருக்குத் தெரிய வேண்டாமென்று முந்தைய நிலையமான அண்ணனூரிலேயே தினமும் இறங்கிவிடுவேன்.

ஒருநாள் சீசன் டிக்கெட் ஒரு கட்டத்தில் நின்றது.

"இன்னா சார், குதிரைய அவன் சும்மா குட்த்துகீறான். ஏன் வெட்டல?"

"ஏதாவது சூழ்ச்சி இருக்கும்னு நெனச்சேன்."

"ஒரு சூழ்ச்சியும் இல்ல சார். எல்லா ஆட்டத்துலயும் இதான். எவனாவது சும்மா குட்த்தா பயந்துடுறீங்க."

அண்ணனூர் வந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. அதை எதற்காக என்னிடம் சொன்னார் என்று யோசித்துக்கொண்டே இறங்கி, ஆவடிக்கு அடுத்த ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.