பாலை மரத்தில் இருந்த இரும்பு

பழனியாண்டியின் கிணற்றில் தண்ணீர் இருந்தது. குனிந்து பார்த்தால் ஆழத்தில் கறுப்பாகத் தெரியும். ஆனால் வாளி இறங்காது. கிணற்றின் வாயை அடைத்தபடி ஒரு பாலை மரம் விழுந்து கிடந்தது. ஷெல் விழுந்து ஒரு பக்க வேரை இழந்த மரம், கார்த்திகை மழைக் காற்றில் சாய்ந்திருந்தது.

அது 2001ஆம் ஆண்டு பங்குனி மாதம். சண்டை வடக்கே ஆனையிறவைத் தாண்டிப் போன பின் முரசுமோட்டைக்குத் திரும்பி வந்தவர்களில் பழனியாண்டியும் அவர் மனைவி அமராவதியும் இருந்தார்கள். வந்ததும் குடியிருக்கக் கொட்டில் போட்டார்கள். அதற்குப் பின்னால் மிளகாய்க்கு நாற்றுமேடை போட்டார்கள். கன்றுகளுக்கு இப்போது முப்பத்தைந்து நாள். இன்னும் ஒரு கிழமைக்குள் பிடுங்கி நடாவிட்டால் மேடையிலேயே நீண்டு வெளிறிப் போகும். மேடைக்கு வேண்டிய தண்ணீரை அமராவதி சின்னராசா வீட்டுக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்தார். அரை ஏக்கருக்கு அப்படிச் சுமக்க முடியாது. அந்த வருடம் அவர்களிடம் வேறு பயிரும் இல்லை.

பழனியாண்டி மூன்று நாள் கோடாலி போட்டுக் கிளைகளைக் கழித்துவிட்டார். அடிமரம் மிச்சம். அதை மூன்று இடத்தில் துண்டித்தால்தான் உருட்டலாம். கோடாலியால் துண்டிப்பதென்றால் மரம் எவ்வளவு மொத்தமோ கிட்டத்தட்ட அவ்வளவு அகலத்துக்கு வெட்டுவாய் திறக்க வேண்டும். அதுவும் பாலை. வைரம் பாய்ந்த பாலையில் கோடாலி இறங்குவதில்லை, தெறிக்கும். ஒரு துண்டுக்கு மூன்று நாள் என்று அவர் கணக்குப் பார்த்தார். ஒன்பது நாள். கன்றுகளிடம் இருந்ததோ ஏழு நாள்.

ஐம்பத்தெட்டு வயதில் நாற்பது வருடம் கோடாலி பிடித்தவர். மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் விறகு கொத்தப் பழகி, எழுபத்தேழு கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து, இந்த அரை ஏக்கர் காட்டை அதே கோடாலியால் வெட்டித் திறந்தவர். கோடாலியைப் பற்றி அவரிடம் பெருமைப் பேச்சு எதுவும் கிடையாது. அது அவருடைய இடது கால் இரண்டாம் விரலை எடுத்திருந்தது. வலது தோளை மழைக்காலம் முழுவதும் உறங்க விடாமல் செய்திருந்தது. உழைப்பு மனிதனை உயர்த்துகிறது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்துகொண்டே எழுதுகிறார்கள். பழனியாண்டியை அது சற்றுக் கூனவே செய்திருந்தது.

அவர் மரியநேசனுக்குச் சொல்லி அனுப்பினார்.

மரியநேசன் முல்லைத்தீவுக் கரையின் கத்தோலிக்க மீனவன். வள்ளத்து இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன். கடலுக்குப் போவது ஆபத்தான பிறகு, மர டிப்போவில் வேலை செய்த ஒருவரிடம் பழைய இயந்திர வாள் ஒன்றை வாங்கி, அதை மண்ணெண்ணெயில் ஓடச் செய்து, மரம் அரிந்து பிழைத்தான். இடம்பெயர்ந்து முள்ளியவளையில் இருந்த காலத்தில் இரு குடும்பமும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டில். இருவரும் சேர்ந்துதான் அயலுக்கெல்லாம் பங்கர் குழிகளை மூட மரக்குற்றி வெட்டினார்கள்.

சைக்கிள் கரியரில் வாளைக் கட்டிக்கொண்டு மரியநேசன் வந்து சேர்ந்தபோது பழனியாண்டி அடிமரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணை, மரத்தோடை மல்லுக்கட்டுறியளோ?"

"மல்லு முடிஞ்சிருச்சு தம்பி. மரந்தான் மேல."

"உந்தக் கோடாலியை மியூசியத்திலை குடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்."

"குடுக்கலாம். ஆனா ஒங்க மிசினுக்கு எண்ணெய் வேணும், ஒயில் வேணும். இதுக்கு நான் ஒரு வாய் சோறு தின்னாப் போதும்."

"ஒரு வாயோ! அக்கா, கேட்டனீங்களே? இவருக்கு ஒரு வாயாம்."

அமராவதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "மூணு நாளா சட்டியை வழிச்சுத்தான் திங்கிறாரு" என்றார்.

மரியநேசன் மரத்தைச் சுற்றி நடந்தான். சிரிப்பு நின்றது. "அண்ணை, இது சண்டை நடந்த காணி. இரும்பு கிடக்கும். கோடாலி பட்டால் வாய் மழுங்கும், அரத்தாலை ராவலாம். என்ரை வாள் செயின் பட்டால் போச்சு. வவுனியாத் தடைமுகாமாலை ஆமிக்காரங்கள் ஒரு செயினும் உள்ளுக்கு விடமாட்டாங்கள். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. இரும்பு இல்லை எண்டு நீங்கள் சொன்னால் நான் வாளை வைப்பன்."

இது அவர்களுக்குள் பழைய ஏற்பாடு. முள்ளியவளையிலும் பழனியாண்டிதான் முதலில் தட்டிப் பார்ப்பார். கோடாலிக்கும் வாளுக்கும் உள்ள வேறுபாடு வேகம் மட்டுமல்ல. கோடாலி ஒவ்வொரு கொத்துக்கும் நடுவில் நிற்கிறது. நிற்கும்போது மரம் என்ன சொன்னது என்று கைக்குத் தெரிகிறது. வாள் நிற்பதில்லை. அது தன்னுடைய சத்தத்தைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. அதனால் அதற்குப் பதிலாகக் கேட்க இன்னொருவர் தேவைப்பட்டார்.

பழனியாண்டி அரைநாள் எடுத்தார். கோடாலியின் பின்புறத்தால் தட்டினார். பட்டையில் தழும்பு கண்ட இடத்தைச் சீவினார். ஷெல் வந்த வடக்குப் பக்கத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஏழு ஷெல் துண்டுகள் கிடைத்தன. கோழி நகம் மாதிரிச் சின்னதும், உள்ளங்கை அளவில் ஒன்றும். ஏழையும் உளியால் தோண்டி எடுத்து வரிசையாகக் கிணற்றுக் கட்டில் வைத்தார். வீட்டைப் பார்த்து நின்ற பக்கத்தையும் தட்டினார். ஆனால் அங்கே தேடுகிற மனத்தோடு தட்டவில்லை.

"இனி இல்ல தம்பி. வைங்க."

முதல் துண்டுக்குக் கால் மணி நேரம் போகவில்லை. புகையும் வெள்ளைத் தூளுமாகப் பறந்தது. துண்டித்த முகம் அரிந்த தேங்காய் மாதிரி வழுவழுப்பாக இருந்தது. பழனியாண்டி அதைக் கையால் தடவிப் பார்த்தார். "இருபது வருசத்துக்கு முந்தி இது இருந்திருந்தா எம் முதுகு இன்னிக்கு நேரா இருந்திருக்கும்" என்றார். அதில் பொறாமை இல்லை. மாலைக்குள் தண்ணீர் அள்ளலாம் என்று அமராவதி வாளிக்குக் கயிறு கட்டத் தொடங்கினார்.

இரண்டாவது துண்டு பாதி இறங்கியபோது பொறி பறந்தது. ஒரு கிறீச்சிடல். செயின் அறுந்து மரியநேசனின் காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு மண்ணில் விழுந்தது. இயந்திரம் வெறுமனே அலறியது. அவன் அதை நிறுத்தினான். தொடையில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் அவன் அறுந்த செயினைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆர் அடிச்ச ஷெல்லோ" என்றான். "சண்டை இஞ்சை முடிஞ்சும் எங்களைத்தான் தேடி வெட்டுது."

பழனியாண்டி கோடாலியால் வெட்டு வாயை அகலமாக்கினார். விரல் மொத்தத்தில் இரும்பு தெரிந்தது. ஷெல் துண்டுக்கு விளிம்பு கிழிந்து முறுகியிருக்கும். இது நேராக இருந்தது. கொல்லன் அடித்த நாலு பட்டைக் கம்பி.

அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுபத்தெட்டில் காடு வெட்டும்போது இந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவைத்து, தோட்டத்தில் தன் ஆட்கள் செய்கிற மாதிரி முனியாண்டிக்கென்று ஒரு சூலத்தை இதில் அறைந்தவர் அவர்தான். தொண்ணூற்றாறில் ஓடும்போது சாமியை விட்டுப் போக மனமில்லாமல் சூலத்தைப் பிடுங்கப் பார்த்தார். வரவில்லை. தலையை முறித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு ஓடினார். தண்டு மரத்தில் நின்றுவிட்டது. ஐந்து வருடத்தில் பட்டை அதை மூடிவிட்டது. தலை இப்போதும் கொட்டில் மூலையில், மண் நிரப்பிய சட்டியில் நிற்கிறது. தினமும் விளக்கு வைக்கிறார். அப்படியிருந்தும் தண்டு நினைவுக்கு வரவில்லை. பிறர் எறிந்த இரும்பைத் தேடுகிற கண்ணுக்குத் தான் அறைந்த இரும்பு தெரிவதில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். கிணற்றுக் கட்டில் ஏழு துண்டுகள் சாட்சிக்கு இருந்தன. எட்டாவதையும் அவற்றோடு வைத்தால் யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை. சொன்னால் மரியநேசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடக்கூடும். போனால் கிணறும் இல்லை, கன்றும் இல்லை. பழனியாண்டி கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை மறைக்க வேண்டியதில்லை. அவர் யோசித்தார்.

பிறகு கொட்டிலுக்குள் போய்ச் சூலத்தின் தலையைக் கொண்டுவந்தார். திருநீறும் குங்குமமும் பூசியது. குனிந்து, மரத்தில் தெரிந்த தண்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே விரல் மொத்தம். அதே நாலு பட்டை.

"ஷெல் இல்ல தம்பி. நான் அடிச்சது."

அமராவதி கயிற்றைக் கீழே போட்டார். "ஐயோ, அதையா மறந்தீங்க?"

மரியநேசன் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் சிவந்தது. "அப்ப உங்கடை சாமிதான் என்ரை செயினைத் திண்டவர்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. "சொல்லாமல் விட்டிருக்கலாமே அண்ணை. நான் ஷெல்லெண்டுதானே நினைச்சனான்."

"விட்டா, அடுத்த மரத்திலயும் எம் பேச்ச நம்பி வாளை வைப்பீங்க. நான் எதப் பாக்க மறப்பேன்னு ஒங்களுக்குத் தெரியணுமில்ல."

மரியநேசன் அறுந்த செயினைத் துணியில் சுற்றினான். வாளைக் கரியரில் கட்டினான். தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை.

பழனியாண்டி பாதி அரிந்த வெட்டில் கோடாலியைப் போட்டார். தண்டைச் சுற்றிக் கொத்த வேண்டியிருந்தது. கோடாலியின் வாயும் இரண்டு தரம் போனது. உட்கார்ந்து அரத்தால் ராவிவிட்டு மறுபடி எழுந்தார். இரண்டாவது நாள் பின்னேரம் மரம் பிரிந்தது. இன்னும் ஒரு துண்டு பாக்கி. அமராவதி மேடையில் வாடிய கன்றுகளைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

மூன்றாம் நாள் காலை சைக்கிள் மணி கேட்டது. கரியரில் வாள் இருந்தது. அதோடு ஒரு கோடாலியும்.

"பழைய செயினிலை ரெண்டு கண்ணி எடுத்துப் பொருத்தினனான்" என்றான் மரியநேசன், முகம் பார்க்காமல். "ஓடுமோ தெரியாது. அதுதான் இதையும் கொண்டு வந்தனான்."

"கோடாலியா? மியூசியத்துல குடுக்கலியா?"

"வாயை மூடிக்கொண்டு மரத்தைத் தட்டுங்கோ அண்ணை. இந்த முறை வீட்டுப் பக்கத்தை முதல் தட்டுங்கோ."

பழனியாண்டி வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கினார். நுனிவரை தட்டினார். வாள் முக்கால்வாசி அரிந்தது. பொருத்திய கண்ணி இழுபட ஆரம்பித்ததும் மரியநேசன் நிறுத்தினான். மிச்சத்தை இருவரும் எதிரெதிரே நின்று கொத்தினார்கள். மத்தியானத்துக்குச் சற்று முன் அடிமரம் கிணற்றிலிருந்து உருண்டது. கூலியாக முன்பே ஒப்புக்கொண்டபடி, நேரான துண்டு மரியநேசனின் புது வீட்டுத் தூணுக்கென்று ஓரமாக இழுத்து வைக்கப்பட்டது. முதல் வாளித் தண்ணீரில் பட்டையும் சருகும் மிதந்தன. கன்றுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மற்றவற்றை அன்று வெயில் தாழ்ந்ததும் நட்டார்கள். அந்த ஆண்டு விளைச்சலை நல்லது என்று சொல்ல முடியாது. இருந்தது என்று சொல்லலாம்.

பிறகு பழனியாண்டி மரியநேசனோடு பல காணிகளுக்குப் போனார். காணிக்காரர்கள் வந்ததும் எந்தப் பக்கமிருந்து ஷெல் வந்தது, எங்கே விழுந்தது என்று சொல்லத் தொடங்குவார்கள். அவர் பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்ததும், மரத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பார்:

"அது சரிங்க. நீங்க இதுல என்ன அடிச்சீங்க?"

உடனே யாரும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவருக்கு உடுப்புக் கொடி கட்டிய ஆணி ஞாபகம் வரும். இன்னொருவருக்கு ஊஞ்சல் கொளுக்கி. அதுவரை மரியநேசன் வாளைத் தொடமாட்டான்.

சூலத்தின் தலை இப்போது கிணற்றடியில் நிற்கிறது. மண்ணில்தான் குத்தியிருக்கிறார்.