பிய்ந்து வராத மீசை

நேற்று மகளுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. மீசை ஒட்ட ஸ்பிரிட் கம் புட்டியைத் திறந்தேன். அந்த நெடி ஏறியதுதான் தாமதம், கண் கலங்கிவிட்டது. "ஏம்ப்பா அழுவுற?" என்றாள். பசை நெடி என்று சமாளித்தேன். மழுப்புவதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு.

கம்பைநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர். மாரியம்மன் பண்டிகைக்கு நேர்ந்துகொண்டவர்கள் போலீஸ், குறிகாரர், துரை என்று வேஷம் கட்டி வருவார்கள். அன்றைக்கு யார் யாரை வம்புக்கு இழுத்தாலும், மறுநாள் அந்த வீட்டுக்குப் போய் "நாந்தாங்க" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சிரித்துவிட்டுப் பொங்கல் போடுவார்கள்.

எந்த வேஷத்தையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர். அப்போது விதைக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கையில் சம்பளம் வேறு. "இந்த வருசம் என் வேஷத்த உன்னால கண்டுபிடிக்க முடியாதுடா" என்று சவால் விட்டிருந்தான் கூட்டாளி சின்னசாமி.

பண்டிகை மத்தியானம். தெருவே கோயிலில் இருந்தது. கோட்டு, கறுப்புக் கண்ணாடி, அடர்ந்த மீசையோடு ஒருவர் தெருமுனையில் வந்து நின்றார். சின்னசாமியின் அதே உயரம். "கிருஷ்ணப்பா அவர மனெ எல்லி?" என்று வீடு விசாரித்தார். கிருஷ்ணப்பா எங்கள் எதிர்வீட்டுக்காரர்.

"அடேங்கப்பா, கன்னடம்லாம் பேசறான் பாரு!" என்று மீசையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பசை கெட்டி போலிருக்கிறது என்று இரண்டு கையாலும் இழுத்தேன். மனிதர் அலறினார். அப்போது பின்னாலிருந்து குடுகுடுப்பைச் சத்தம். "டேய், நான் இங்கருக்கன்டா!" என்றான் குடுகுடுப்பைக்காரன் வேஷத்தில் இருந்த சின்னசாமி.

அவர் உதட்டைப் பொத்திக்கொண்டு ஓடினார். சற்றுத் தள்ளி ஒரு கார் நின்றது. உள்ளே பெரியவர்கள், மடியில் பூவும் பழமும் வைத்த தட்டு. கார் அப்படியே திரும்பிப் போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிருஷ்ணப்பாவின் மகள் மாதேஸ்வரி அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள். கண் பட்டுவிடும் என்று வீட்டார் வெளியே சொல்லவில்லை.

சகுனம் சரியில்லை என்று தகவல் வந்தது. "பொண்ணு ராசி அப்படி" என்று ஊர் பேசியது. அதைக் காதால் கேட்டுக்கொண்டே விதை நிறுத்துக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவன். சின்னசாமி வாயையும் கட்டிவிட்டேன். நாலு வருஷம் வேறு வரன் அமையாமல், கடைசியில் ஏரியூரில் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள்.

போன வருஷம் தருமபுரியில் ஒரு கல்யாணப் பந்தியில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். நலம் விசாரித்துவிட்டு, பேச்சுவாக்கில் சொன்னார்: "ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தன். மறுநாள் நீ வருவன்னு உனக்கும் ஒரு இலை போட்டு வெச்சிருந்தன்."

நான் பேச வாயெடுப்பதற்குள் யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

இப்போது ஊரில் யாரும் வேஷம் கட்டுவதில்லை, ஒலிபெருக்கியும் ஆட்டமும்தான். கிருஷ்ணப்பா வீட்டை இடித்துக் கல்யாண மண்டபத்துக்கு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். "நாந்தாங்க" என்று போய் நிற்க அந்த வாசலும் இல்லை.